ஈரத்துணி மூடிய உருளி

கொண்டைக்கடலையின் வால் ஒன்றேகால் சென்டிமீட்டர் நீண்டிருந்தது. மகள் ஸ்நேகா நாலாம் வகுப்பில் வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒருமுறைக்கு இரண்டுமுறை அளந்து பார்த்துவிட்டு அனந்தபத்மநாபன் திருப்தியோடு நிமிர்ந்தார். மறுநாள் காலை அவருடைய ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். பூக்காரன் வந்தானா, வாழையிலை வந்ததா, மாப்பிள்ளை வீட்டார் இறங்கும் அறையில் தண்ணீர் வருகிறதா என்று வீடே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்க, பெண்ணைப் பெற்றவர் பின்கட்டில் உட்கார்ந்து கடலைக்கு வால் அளந்துகொண்டிருந்தார்.

தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பத்திரண்டு வருடம் எதையும் ஆறப்போட்டு ஊறப்போட்டுத்தான் பழக்கம் என்று தெருவில் கேலி செய்வார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, அரிசியைக் குறையுங்கள், முளைகட்டிய பயறு சாப்பிடுங்கள் என்று எட்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னதுதான் தாமதம். சாயங்காலமே சாலைக் கம்போளக் கடைத்தெருவுக்குப் போய் ஏழு கண்ணாடி ஜாடிகள் வாங்கி வந்துவிட்டார். பழைய வேஷ்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வாய்க்குத் துணி கட்டினார். ஒவ்வொரு ஜாடியின் மேலும் ஊறவைத்த தேதி, நேரம், தண்ணீர் வடித்த நேரம் எல்லாம் எழுதி ஒட்டினார், கீழே கையெழுத்தும் போட்டார். ஆரம்பத்தில் சறுக்கல்கள் இருந்தன. ஒரு வாரம் வீடு முழுக்க ஒரு வாடை. பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்று அவர் மனைவி வாலாம்பாள் இரண்டு ஆளைக் கூப்பிட்டு பீரோவையே நகர்த்திப் பார்த்தாள். கடைசியில் அது வெந்தய ஜாடி. வெந்தயத்தை அன்றோடு பதவிநீக்கம் செய்து, அந்த இடத்தில் முழுத் துவரையைக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் கை நன்றாகப் படிந்துவிட்டது. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு, கறுப்பு உளுந்து, மொச்சை, கோதுமை, துவரை என்று ஏழும் சொன்ன நாளில் சொன்ன அளவுக்கு வால் விட்டன.

இத்தனை செய்தும் வாலாம்பாள் மட்டும் அசையவில்லை. எட்டு மாதத்தில் ஒரு பயறு, ஒரே ஒரு பயறு, அவள் வாய்க்குள் போனதில்லை.

"பச்சையா மென்னு திங்கறதுக்கு நான் என்ன கன்னுக்குட்டியா?" என்பாள். ஜாடிகளைத் தாண்டிப் போகும்போது பேசாதிருக்கும் உறவுக்காரர் வீட்டு வாசலைத் தாண்டுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வீட்டில் அவருக்கு இருந்த ஒரே ஆதரவு ஸ்நேகா. டெக்னோபார்க்கில் இருக்கும் ஆபீசுக்குக் கிளம்பும்போது தினமும் ஒரு டப்பா நிறைய முளைப்பயறு, மேலே துருவிய கேரட், எலுமிச்சம்பழம் பிழிந்து, அவரே தன் கையால் மூடிக் கொடுப்பார். சாயங்காலம் டப்பா காலியாகத் திரும்பி வரும். அந்தக் காலி டப்பாவைப் பார்க்கிற சந்தோஷத்தில்தான் மனிதர் மறுநாளைக்கு ஊறவைப்பார். இப்போது ஸ்நேகா ஜெயந்தைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போகிறாள். பெண்ணைப் பிரிகிற துக்கம் எல்லா அப்பாக்களுக்கும் உள்ளதுதான். இவருக்குக் கூடுதலாக ஒன்று இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து இந்த வீட்டில் முளைப்பயற்றின் கட்சியில் அவர் ஒருவர்தான். தனியாக உட்கார்ந்து, தனியாக மென்று, எதிரே இட்லி சாப்பிடுகிறவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும். வாலாம்பாள் ஒரு நாள், தானாக, ஒரு பிடி எடுத்துக்கொண்டால் போதும். அதற்குமேல் அவர் கடவுளிடம் எதுவும் கேட்பதாக இல்லை.

கல்யாணத்தையே இதற்கு ஒரு வழியாக்கலாம் என்று அவர் நினைத்ததும், மாப்பிள்ளை வீட்டாரின் காலைப் பலகாரத்தோடு பரிமாற மூன்று கிலோ முளைகட்டியதும் தனிக் கதை. வாலாம்பாள் ஒரே வாக்கியத்தில் அதை முடித்துவைத்தாள்.

"சம்பந்தி ஆத்துக்காராளுக்கு எலையிலே கொள்ளு போட்டேள்னா, நான் அன்னிக்கே ஸ்ரீவராகத்துக்கு எங்க அண்ணா ஆத்துக்குப் போயிடுவேன், கேட்டேளா?"

அந்த மூன்று கிலோவும் ஏழு ஜாடி போதாமல் பானை, குண்டான், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் என்று பின்கட்டு முழுவதும் நிறைந்து, யாரும் சீந்தாமல் வால் வளர்த்துக்கொண்டிருந்தது.

பதினோரு மணிவாக்கில் வீடு காலியாயிற்று. எல்லோரும் தெருக்கோடியில் இருந்த கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். குத்துவிளக்கு வாடகைக்குக் கொண்டுவருகிறவன் வருவான், இருந்து வாங்கி அனுப்புங்கள் என்று அவரை மட்டும் விட்டுவிட்டுப் போனாள் வாலாம்பாள். காலையிலிருந்து ஒரு காபிதான் உள்ளே போயிருந்தது. முளைப்பயற்றுக்கு எலுமிச்சம்பழம் தேடி அடுக்களைக்குள் போனவர், மூலையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் சின்ன வெண்கல உருளி ஒன்று ஈரத்துணியால் மூடியிருப்பதைப் பார்த்தார்.

துணியை விலக்கினார். உள்ளே தானியம். ஒன்று இரண்டல்ல, எண்ணிப் பார்த்தார், ஒன்பது தினுசு. பயறு, கடலை, கொள்ளு, எள் எல்லாம் கலந்து, ஊறி, உப்பி, பளபளவென்று கிடந்தன. முகர்ந்து பார்த்தார். லேசாகப் பால் வாசனை. பாலில் ஊறப்போட்டிருக்கிறாள்! அவர் தினமும் பார்க்கிற யூட்யூப்காரனுக்கே தோன்றாத யோசனை.

அனந்தபத்மநாபன் அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்யாண வீட்டில் நிற்க நேரமில்லை, மூச்சுவிட நேரமில்லை. அதற்கு நடுவில் இவருக்குப் பசிக்கும் என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல், எட்டு மாத வீம்பை விட்டுவிட்டு, ஒன்பது தானியத்தைப் பாலில் ஊறப்போட்டு ஈரத்துணி மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சுபாவம் அது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னும் முளைவிடவில்லைதான். இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் மனைவி முதல்முதலாக நீட்டியதை நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திப்போட அவருக்கு மனசு வரவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டு, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார். நாலாவது தடவை மெல்லும்போது ஏதோ நறுக்கென்றது. எடுத்துப் பார்த்தால் நெல். உமியோடு. துப்பத்தான் நினைத்தார். துப்பியும் இருப்பார், வேறு யார் போட்டிருந்தாலும். நார்ச்சத்துக்காகத்தான் சேர்த்திருப்பாள், நமக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு அதையும் மென்றார். மொச்சை கல்லாக இருந்தது. உமி தொண்டையில் குத்தியது. முக்கால் மணிநேரம் தாடை வலிக்க வலிக்க மென்று, கடைசி எள் வரை வழித்துத் தின்று, உருளியைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவைத்தார். குத்துவிளக்கு வந்தபோது வண்டிக்காரனுக்கு மோர் கொடுத்து, பெண்ணைப் பெற்றவருக்கு இத்தனை உற்சாகமா என்று அவனையே யோசிக்கவைத்து அனுப்பினார்.

நாலரை மணிக்கு வாலாம்பாள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு வந்தாள். நேராக அடுக்களை மூலைக்குப் போனாள். அரிசி டின்னுக்கு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"இங்கே வெங்கல உருளி இருந்ததே, எங்கே?"

"அலம்பிக் கவுத்துட்டேன்," என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

"உள்ளே இருந்தது?"

அவர் வயிற்றைத் தடவிக் காட்டினார். "ரொம்ப நன்னா இருந்தது, வாலா. பால்ல ஊறப்போடணும்னு உனக்கு எப்படித் தோணித்து?"

வாலாம்பாள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அந்த நேரத்தில் உட்காருகிறாள் என்றதுமே ஏதோ கோளாறு என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அது பாலிகைக்கு," என்றாள்.

பாலிகை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும், அதாவது பத்திரிகையில் அந்த வார்த்தை அச்சாகியிருந்ததைப் பார்த்திருக்கிறார். கல்யாணத்துக்கு முதல் நாள் சுமங்கலிகள் ஐந்து பேர் பாலில் ஊறிய நவதானியத்தை மண்கிண்ணங்களில் தெளிப்பார்கள். அது முளைத்துத் தழைப்பதுபோல் குடித்தனமும் தழைக்க வேண்டும். ஐந்தாம் நாள் ஆற்றில் கரைப்பார்கள். அறுபது வயதுக்குள் எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கிறார். ஆனால் அதெல்லாம் பெண்கள் காரியம். அந்த நேரத்தில் ஆண்கள் இரண்டாம் காபி எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

"முழுக்கத் தின்னேளா?"

"முழுக்க."

"நெல்லையுமா?"

"நெல்லையும்தான்."

"உங்களுக்கு என்ன பிராந்தா? மனுஷா நெல்லைத் திம்பாளா? துப்பப்படாதோ?"

"நீ எனக்காகப் போட்டிருக்கேன்னு நெனைச்சேன்," என்றார் அவர். "அதான் துப்பலை."

வாலாம்பாள் கையை நீட்டி, அவர் கவிழ்த்துவைத்திருந்த உருளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது. பின்பு அவள் எழுந்து, புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"அஞ்சரைக்குப் பாலிகை. உலர்ந்த தானியத்தைத் தெளிச்சா அது என்னிக்கு முளைக்கறது? ராஜமணி மாமி அங்கே முதல் வரிசையிலே வந்து உக்காந்தாச்சு."

ராஜமணி மாமி ஜெயந்தின் அத்தை. தங்கள் குடும்பத்தில் இதுவரை எந்தெந்தப் பெண்ணின் பாலிகை சரியாக முளைக்கவில்லை, அந்தப் பெண் பிற்பாடு என்ன பாடுபட்டாள் என்பதெல்லாம் அவளுக்கு வருஷவாரியாக மனப்பாடம். ஸ்நேகாவின் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறிவிடுமோ என்று நினைத்ததும் அனந்தபத்மநாபனுக்கு உள்ளே கிடந்த நெல்லெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

"வாலா," என்றார் மெதுவாக. "பின்கட்டுல மூணு கிலோ இருக்கு."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வேஷ்டித் துணி கட்டிய ஜாடிகள் வரிசையாக நின்றன. வாலாம்பாள் போனாள். எட்டு மாதத்தில் முதல்முறையாகத் தன் கையால் ஒரு ஜாடியின் துணியை அவிழ்த்தாள்.

ஏழு தினுசு அங்கேயே கிடைத்தது. எள் அடுக்களை டப்பாவில் இருந்தது. இல்லாதது நெல் ஒன்றுதான். இருந்ததை ஒருவர் தின்றுவிட்டாரே. அந்தப் பொறுப்பு அவரிடம் விடப்பட்டது. மண்டப வாசலில் தென்னம்பூ செருகிய நிறைபறை, அதாவது மங்கலத்துக்கான மரக்கால், வைத்திருந்தது, விளிம்புவரை பொன்னிறமாக நெல். அனந்தபத்மநாபன் அதன் பக்கத்தில் போய் நின்று, வருகிறவர்களை வலது கையால் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டே, இடது கையைப் பின்னால் விட்டு ஒரு பிடி அள்ளினார். கல்யாண ஆல்பத்தில் நாலாவது பக்கத்தில் இந்தக் காட்சி இன்றும் இருக்கிறது. போட்டோகிராபரை யாரும் கவனிக்கவில்லை.

அறுகம்புல் போட்ட ஐந்து மண்கிண்ணங்கள் தயாராக இருந்தன. சாஸ்திரிகள் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே உருளிக்குள் எட்டிப் பார்த்தவர் நிறுத்தினார்.

"இது முளைச்சிருக்கே!"

"ஆமாம்," என்றாள் வாலாம்பாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

சாஸ்திரிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணிக்கு அவருக்கு வேறு இடத்தில் இன்னொரு பாலிகை இருந்தது. "முளைக்கணும்னுதானே தெளிக்கறது. பின்னே என்ன? தெளியுங்கோ," என்று விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைப் பிடித்துக்கொண்டார். ராஜமணி மாமி மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொள்ளுப்பயறு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அதற்குள் அவள் முறை வந்துவிட்டது.

மறுநாள் தாலிகட்டு முடிந்து, பந்தியில் போளியும் பால்பாயசமும் வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அந்தக் கூச்சல் கேட்டது. ராஜமணி மாமி பாலிகைக் கிண்ணங்களுக்கு முன்னால் நின்று எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணம் ஐந்தும் பச்சைப்பசேலென்று தலைதூக்கி நின்றன. பாசிப்பயறு இரண்டிலை விட்டிருந்தது.

"ஒரே ராத்திரி! நாப்பது கல்யாணம் பார்த்திருக்கேன், இப்படிப் பார்த்ததில்லை. எங்க ஜெயந்துக்கு அதிர்ஷ்டம்னா அதிர்ஷ்டம்!" மாமி நாலு கோணத்தில் படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். "யார் கையாலே ஊறப்போட்டது? நீயாம்மா?"

அனந்தபத்மநாபன் இலையில் கைவைத்தபடி உறைந்து போனார். தப்பித்துப் போக வழி இல்லை. அவர் போளியில் பாதியை அப்போதுதான் வாயில் போட்டிருந்தார்.

"நான் இல்லை, மாமி," என்றாள் வாலாம்பாள். "ஸ்நேகாவோட அப்பா. அதெல்லாம் அவரோட டிபார்ட்மென்ட்."

பந்தியே அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கேட்க வேண்டுமா? எத்தனை மணிநேரம் ஊற வேண்டும், எத்தனை தடவை வடிக்க வேண்டும், துணி ஏன் பருத்தியாக இருக்க வேண்டும் என்று கைகழுவும் இடம்வரை பேசிக்கொண்டே போனார். ராஜமணி மாமி ஒரு பேப்பர் நாப்கினில் குறித்துக்கொண்டாள். தெருவில் யாரும் அவரை இத்தனை நேரம் பேசவிட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்நேகாவின் ஆபீஸ் தோழி ஷில்பா, ஆற்றிங்கல்காரி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அங்கிளே, முளப்பிச்ச கடல அடிபொளியாணு கேட்டோ! இனி எனிக்கு ஆரு தரும்?"

முளைகட்டிய கடலை பிரமாதம், இனிமேல் தனக்கு யார் தருவார்கள் என்று இவள் எதற்குக் கேட்கிறாள் என்பது அவருக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கரமனையாற்றில் பாலிகையைக் கரைத்தார்கள். ஸ்நேகா படித்துறையில் இறங்கி ஒவ்வொரு கிண்ணமாகச் சாய்த்தாள். அவருடைய மொச்சையும் கொள்ளும் கோதுமையும் வேரோடு பின்னிக்கொண்டு, பச்சைத் திட்டுகளாகத் தண்ணீரில் மிதந்து போயின. இரவு ரயிலுக்குப் போகும் முன் ஸ்நேகா அவரைத் தனியாகப் பின்கட்டுக்கு அழைத்தாள்.

"அப்பா, ஒரு கார்யம் சொன்னா கோவிச்சுக்கப்படாது."

"சொல்லு."

"டப்பால நீ தந்ததெல்லாம் ஷில்பாதான் தின்னா. எனக்கு அந்தப் பச்சை வாசனை பிடிக்காது. உன்கிட்ட சொன்னா வெஷமிப்பே, வருத்தப்படுவேன்னு சொல்லலை."

அவர் சிரிக்கப் பார்த்தார். "சாரமில்லை, பரவாயில்லை போ. ஷில்பாவாவது தின்னாளே," என்றார். ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது எல்லோரும் அழுதார்கள், அவரும் அழுதார். அவர் எதற்கெல்லாம் சேர்த்து அழுகிறார் என்று யாருக்கும் தெரியாது. வாலாம்பாளுக்குத் தெரிந்திருக்கலாம். அவள் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை வீடு சத்தமில்லாமல் இருந்தது. அனந்தபத்மநாபன் பின்கட்டுக்குப் போய் ஆறு ஜாடிகளைக் கழுவித் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினார். ஒன்றை மட்டும் வெளியே விட்டார். ஒரு ஆளுக்கு ஒரு ஜாடி போதும். ஸ்கேலைப் பெட்டிக்குள் போடலாமா வேண்டாமா என்று யோசித்து, போட்டார். பிறகு காபிக்காக அடுக்களைக்குள் போனார்.

அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வெண்கல உருளி இருந்தது. ஈரத்துணி மூடியிருந்தது.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பட்டது போதும். இனி இந்த வீட்டில் கேட்காமல் எதையும் தொடுவதாக இல்லை. வாலாம்பாள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வாலா," என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "இது யாருக்கு?"

"இங்கே வேற யார் இருக்கா?"

"அப்போ திங்கலாமா?"

புடைவையை உதறுகிற சத்தம் கேட்டது. "நாளைக்கு ஆகட்டும். இன்னும் வால் வரலை."

அவர் குனிந்து, துணியின் ஒரு மூலையை மட்டும் தூக்கினார். பால் வாசனை வந்தது. உருளிக்குப் பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள் கவிழ்ந்திருந்தன, இரண்டு ஸ்பூன்களோடு. விரல் நுனியால் தானியத்தை விலக்கி விலக்கி எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். எட்டுதான் இருந்தது. நெல் இல்லை.